பி1 ஜெர்மன்: அட்டவணை எல்லாம் மனப்பாடம், வாய்தான் திறக்கவில்லை. பேச்சுக்கு எந்த இலக்கணத்தை முதலில் பிடிப்பது?

பள்ளத்தூர் செவிலி

ஜெர்மன் மொழியில் ஏ2 நிலையை முடித்துவிட்டு, அடுத்த நிலையான பி1 வகுப்பில் இருக்கிறேன். காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் வேலை. பணி முடிந்ததும் நேராக மாலை வகுப்பு. பெயர்ச்சொல்லின் முன்னால் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறி வரும் டேர், டீ, டாஸ், டேன், டேம் என்று பதினாறு கட்டம் போட்ட அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஆசிரியை ஜெர்மனில் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது. மனதில் தமிழில் ஒரு வாக்கியம் வருகிறது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்கு மாற்றி, பெயர்ச்சொல் ஆணா பெண்ணா என்று யோசித்துக் கட்டத்தைத் தேடுவதற்குள் அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறார்.

மையத்தில் கேட்டால், விகுதிகள் எல்லாம் சுத்தமாக வந்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. தேர்வும் முக்கியம்தான். ஆனால் ஜெர்மனிக்குப் போய் நோயாளியிடமும் கடைக்காரரிடமும் பேச வேண்டுமே? அன்றாடப் பேச்சுக்கு எந்த இலக்கணம் முதலில் கைக்கு வர வேண்டும்? எதைத் தள்ளிப்போடலாம்?

போனில் தமிழ் விசைப்பலகையில் எழுதுகிறேன் என்பதால் ஜெர்மன் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் வசதி.

கானாடுகாத்தான் வழிகாட்டி

தங்கச்சி, அட்டவணையை மடித்துப் பரண்மேல் போடுங்கள்.

நான் வகுப்புக்கே போனதில்லை. இங்கே பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. குளிர்காலம் வந்தால் ஜெர்மன்காரர்கள் கூட்டமாக வருவார்கள். முகப்பில் நிறுத்தி, வளவுக்குள் (வீட்டின் நடுமுற்றப் பகுதி) அழைத்துப்போய், இரண்டாம் கட்டு வரை காட்டிவிட்டு வருவேன். எல்லாப் பெயருக்கும் முன்னால் "டீ" என்றுதான் போடுகிறேன். பர்மா தேக்குத் தூண் ஆண்பாலா பெண்பாலா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

எனக்குச் சோறு போடுவது ஒரே ஒரு வாக்கிய அமைப்பு. "டீ ஃப்லீஸன் வேர்டன் இன் ஆத்தங்குடி ஃபொன் ஹான்ட் கெமாஹ்ட்." ஆத்தங்குடிக் கற்கள் கையால் செய்யப்படுகின்றன. இந்த "வேர்டன் … கெமாஹ்ட்" சட்டத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றப்படுகிறது, பின்னால் மணலும் சிமெண்டும் போடப்படுகின்றன, தண்ணீரில் ஊறவைக்கப்படுகிறது, சூளையில் சுடப்படுவதில்லை என்று அத்தனையும் இதே சட்டத்தில் ஏறிவிடும். கடைசிச் சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். சுடுவதில்லை என்றதும் எல்லாரும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்கு மேல் என்ன இலக்கணம் வேண்டும்?

முதல் பெஞ்ச்

அண்ணன் சொல்வது சுற்றுலாவுக்குச் சரி. விடுமுறையில் வந்தவர் எதையும் பொறுத்துக்கொள்வார். விசா கேட்டுப் போகிறவர்களுக்கு இந்த அறிவுரை ஆபத்து.

பி1 கோத்தே சான்றிதழ்த் தேர்வு நான்கு பகுதிகள்: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றும் 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் 60 எடுக்க வேண்டும். எழுதும் பகுதிக்கு 60 நிமிடம், மூன்று கேள்விகள்: நண்பருக்கு 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், ஒரு விவாதத்தில் உங்கள் கருத்தாக 80 சொல், கொஞ்சம் மரியாதை கலந்த நடையில் 40 சொல். அங்கே எல்லாவற்றுக்கும் "டீ" போட்டு எழுதிப் பாருங்கள்.

நான் அட்டவணையை விடவில்லை, தேறிவிட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

கானாடுகாத்தான் வழிகாட்டி

தம்பி, தேறியதில் மகிழ்ச்சி. அடுத்த கூட்டம் வரும்போது நீங்களும் வந்து ஒரு மணி நேரம் பேசிக் காட்டுங்கள், நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

ரைன்கரை காரைக்குடி

நான் காரைக்குடியில் படித்துவிட்டு இங்கே ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் உள்நோயாளிப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் இருவரும் பிடிக்கும் சண்டையில் பள்ளத்தூர்த் தங்கையின் கேள்வி காணாமல் போகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இங்கே வந்த புதிதில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எதைத் திருத்தினார்கள், எதைக் கண்டுகொள்ளவில்லை என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அடைமொழி விகுதி தவறினால் ஒருவரும் திருத்தவில்லை. டேருக்கு டாஸ் போட்டால் சிலர் புன்னகையோடு சரியான சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போனார்கள். வினை இடம் மாறினாலோ பாதியில் நின்றாலோதான் "வீ பிட்டெ?" என்று முகம் சுருங்கியது. என்ன சொன்னீர்கள் என்று அர்த்தம். அதனால் என் வரிசை: முதலில் வினை, இரண்டாவதும் வினை, அதன் பிறகு மற்றவை.

ஒரே ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நோயாளியைச் சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

"ட்ஸீயன் ஸீ பிட்டெ டாஸ் ஹெம்ட் அவுஸ்."

கடைசியில் வரும் "அவுஸ்" என்ற துண்டை எடுத்துவிட்டு "ஆன்" போட்டால், சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆகிவிடும். துண்டே இல்லாமல் நிறுத்தினால் சட்டையைப் பிடித்து இழுங்கள் என்பதுபோல ஒலிக்கும். பெரியவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலைத் திற, மூடு என்பதும் இதே கதை: "மாஹன் ஸீ பிட்டெ டாஸ் ஃபென்ஸ்டர் அவுஃப்" என்றால் திற, "ட்ஸூ" என்று முடித்தால் மூடு. பயத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஜெர்மனில் விழுங்கக் கூடாத இடம் அதுதான். ஹெம்ட் என்ற சொல்லுக்கு முன்னால் நீங்கள் டாஸ் போட்டீர்களா டேன் போட்டீர்களா என்பதை அந்தப் பெரியவர் கவனித்திருக்கவே மாட்டார்.

அடுத்தது, வாக்கியம் எந்தச் சொல்லில் தொடங்கினாலும் வினை இரண்டாம் இடத்தில் உட்கார வேண்டும். "ஹொய்டெ கொம்மெ இஷ் ஷ்பேடர்." இன்று தாமதமாக வருகிறேன். "ஹொய்டெ இஷ் கொம்மெ" என்று சொல்லாதீர்கள். ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனுக்கு வருபவர்கள் எல்லாரும் விழும் பள்ளம் இது.

மூன்றாவது, நடந்ததைச் சொல்வது. பணி மாறும்போது அடுத்த ஆளிடம் ஒப்படைத்துப் பேச வேண்டும் அல்லவா, அங்கே முழுவதும் பெர்ஃபெக்ட்தான், அதாவது துணைவினை சேர்ந்து வரும் இறந்தகாலம். சாப்பிட்டார் என்றால் "ஹாட் கெகெஸன்". கீழே விழுந்தார் என்றால் "இஸ்ட் கெஷ்டுர்ட்ஸ்ட்". இடம் மாறினாலோ நிலை மாறினாலோ துணைவினையாக "ஸைன்" (பின், இஸ்ட்) வரும், மற்றவற்றில் பெரும்பாலும் "ஹாபன்" (ஹாபெ, ஹாட்). இருந்தது, வைத்திருந்தேன், முடிந்தது போன்றவற்றுக்கு மட்டும் "வார்", "ஹாட்டெ", "கொன்டெ" என்ற நேரடி இறந்தகாலம் பேச்சிலும் உண்டு. மற்ற வினைகளின் இந்த நேரடி இறந்தகால (ப்ரெட்டெரிட்டும்) வடிவத்தைப் படித்தால் புரிந்துகொள்ளும் அளவுக்கு இப்போது வைத்துக்கொள்ளுங்கள், பேசத் தேவையில்லை.

அந்தக் "கொன்டெ" பற்றி ஒரு எச்சரிக்கை. "கொன்டன் ஸீ…" என்றால் உங்களால் முடிந்ததா என்று கேட்பது. "முடியுமா, தயவுசெய்து" என்று பணிவாகக் கேட்க வேண்டுமானால் அந்த "ஒ" மீது இரண்டு புள்ளி வரும். "எ" என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் "ஒ"வுக்குக் குவித்தால் அந்த ஒலி வரும். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. "கென்டன்" என்று எழுதி வைத்துக்கொள்ளலாம், வாய் மட்டும் குவிந்திருக்கட்டும். உங்கள் செவிலியர் வாழ்க்கையில் பாதி நாள் இந்தச் சொல்லில்தான் ஓடும்.

கானாடுகாத்தான் வழிகாட்டி

அக்கா சொன்ன அந்தச் சட்டை விஷயம் எனக்கும் தினப்படி. வாசலில் "கென்டன் ஸீ பிட்டெ டீ ஷூஹெ அவுஸ்ட்ஸீயன்?" என்று கேட்டால்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். இங்கே அவுஸ் வினையோடு ஒட்டிக்கொண்டு கடைசிக்குப் போய்விடுகிறதே, ஏன்?

ரைன்கரை காரைக்குடி

கென்டன் என்ற துணைவினை இரண்டாமிடத்தை (கேள்வி என்பதால் இங்கே முதலிடத்தை) எடுத்துக்கொண்டது. உண்மையான வேலையைச் சொல்லும் வினை கடைசிக்குத் தள்ளப்பட்டு, பிரிந்திருந்த துண்டோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் தடுமாற்றம் இருக்கும் வரை இப்படி ஒரு துணைவினையோடு பேசுவதே பாதுகாப்பு. பிரிக்கும் வேலையும் மிச்சம், மரியாதையும் கூடுதல்.

தேவகோட்டை தமிழாசிரியர்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேரன் ஜெர்மனியில் இருக்கிறான், அவன் மனைவி அந்நாட்டுப் பெண். வீடியோவில் அவளோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று இந்த வயதில் புத்தகத்தைத் தூக்கினேன்.

பள்ளத்தூர் மகளே, உங்கள் பதிவில் உள்ள நோய் எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் ஆங்கிலம் எதற்கு? தமிழிலிருந்து நேராகப் போனால் பல இடங்களில் பாதை குறைவு. எனக்குக் குளிர்கிறது என்பதை ஆங்கிலம் வழியாகக் கொண்டுபோனால் "இஷ் பின் கால்ட்" என்று வருகிறது. நான் இரக்கமில்லாதவன் என்பதுபோல அது தொனிக்கும். தமிழில் நாம் "எனக்கு" என்றுதானே தொடங்குகிறோம்? ஜெர்மனும் "மீர் இஸ்ட் கால்ட்" என்று எனக்கு-விலேயே தொடங்குகிறது. எனக்குத் தலை வலிக்கிறது: "மீர் டூட் டேர் கொப்ஃப் வே." எனக்குச் சலிப்பாக இருக்கிறது: "மீர் இஸ்ட் லாங்வைலிஷ்." இதையே "இஷ் பின்" என்று தொடங்கினால் நானே சலிப்பூட்டும் ஆள் என்றாகும். பேரன் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள், அது போகட்டும்.

உனக்கு உதவுகிறேன், "இஷ் ஹெல்ஃபெ டீர்." நமது கு உருபு அப்படியே அங்கே டாட்டிவ். மூன்று வருடமாக வேலை செய்கிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அவர்களும் "இஷ் ஆர்பைடெ ஸைட் ட்ரை யாரன்" என்று நிகழ்காலத்திலேயே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் அதற்கு வேறு காலம் தேட வேண்டும்.

துணை வாக்கியத்தில் நமக்கு இன்னும் பெரிய லாபம். காய்ச்சல் இருப்பதால் இன்று வரவில்லை. காரணம் முன்னால், அதன் வினை அந்தக் காரணத்தின் கடைசியில். ஜெர்மனும் அப்படித்தான்: "வைல் இஷ் ஃபீபர் ஹாபெ, கொம்மெ இஷ் ஹொய்டெ நிஷ்ட்." மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்: "வென் எஸ் ரேக்னெட், ப்லைபெ இஷ் ட்ஸு ஹவுஸெ." காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு வினை, அந்தப் பக்கம் ஒரு வினை. இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். துணை வாக்கியத்தை முன்னால் வைத்துப் பேசும்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்.

நம் செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாக (கடையின் எடுபிடிப் பையன்) கப்பலேறியவர்களிடம் யாரும் அட்டவணை கொடுத்து அனுப்பவில்லை. கிட்டங்கியில் (தொழில் நடத்திய கடைக் கட்டடம்) உட்கார்ந்து வரவு செலவு பேசிப் பேசித்தான் அந்த ஊர் மொழி வந்தது.

முதல் பெஞ்ச்

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். பெட்டியடிப் பையனிடம் யாரும் மொழிச் சான்றிதழ் கேட்கவில்லை.

அடுத்து, தமிழ் கைகொடுக்கும் இடங்களை மட்டும் சொல்லிவிட்டுக் காலை வாரும் இடங்களை விட்டுவிட்டீர்கள். உனக்கு போன் செய்கிறேன் என்ற நினைப்பில் "இஷ் ரூஃபெ டீர் ஆன்" என்று சொல்லாத தமிழரை நான் பார்த்ததில்லை. அங்கே "டிஷ்" வர வேண்டும், அதாவது உன்னை. உன்னிடம் கேட்கிறேன் என்பதும் "இஷ் ஃப்ராகெ டிஷ்". "இடம்" உருபும் இல்லை, "கு"வும் இல்லை.

வேற்றுமை எண்ணிலும் குழப்பம். ஜெர்மன் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமை என்றால் அக்குஸாடிவ், நம் கணக்கில் அது இரண்டாம் வேற்றுமை. நம் நான்காம் வேற்றுமை அவர்களுக்கு மூன்றாவது. எண்ணை வைத்துப் படித்தால் நிச்சயம் குழம்புவார்கள்.

இன்னொன்று. கட்டிலில் தலையணையை வைக்கிறேன். தலையணை கட்டிலில் இருக்கிறது. இரண்டுக்கும் நாம் "கட்டிலில்" என்றே சொல்கிறோம். ஜெர்மனில் வைக்கும்போது "இஷ் லேகெ டாஸ் கிஸன் அவுஃப் டாஸ் பெட்", இருக்கும்போது "டாஸ் கிஸன் லீக்ட் அவுஃப் டேம் பெட்". ஊருக்குப் போகிறேன், ஊரில் இருக்கிறேன் என்று பிரிக்கத் தெரிந்த நமக்கு, வைப்பதையும் இருப்பதையும் பிரிக்கும் பழக்கம் இல்லை. போகிறேன் என்பதில் கு பார்த்ததும் டாட்டிவ் போட்டுவிட்டால் அதுவும் தப்பு. நகரத்துக்குள் போகிறேன் என்பது "இன் டீ ஷ்டட்", அக்குஸாடிவ். இப்படி இரட்டை வேடம் போடும் முன்னிடைச் சொற்கள் ஒன்பது இருக்கின்றன: ஆன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன். இவற்றுக்கு அட்டவணை வேண்டாமா?

தேவகோட்டை தமிழாசிரியர்

தம்பி, நல்ல பட்டியல் கொடுத்தீர்கள். நீங்கள் காட்டிய ஓட்டை எல்லாம் தமிழை வைத்துப் பார்த்ததால்தானே கண்ணில் பட்டது? ஒப்பிடு என்றேன், ஒப்பிட்டால் பொருந்தாததும் தெரிய வேண்டும். டிஷ் வரும் இடம், அவுஃப் டாஸ் வரும் இடம் என்று பொருந்தாதவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் ஒன்றும் பெரிதாக நீளாது.

ஒன்பதுக்கும் என் வழி: அசைவு இருந்தால் அக்குஸாடிவ் என்று வகுப்பில் சொல்வதை நம்ப வேண்டாம். அறைக்குள்ளேயே உலாத்துகிறேன் என்றால் அசைவு இருக்கிறது, ஆனால் டாட்டிவ். ஒரு பொருளோ ஆளோ முன்பு இல்லாத இடத்தில் போய்ச் சேர்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்தால் அக்குஸாடிவ்.

ரைன்கரை காரைக்குடி

ஐயாவின் அந்தக் கடைசி வரியை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம்.

ஆனால் இதையும் பேசும்போது யோசிக்க நேரம் கிடையாது. நான் துண்டு துண்டாகவே வாயில் ஏற்றினேன். "ட்ஸும் ஆர்ட்ஸ்ட்", "பைம் ஆர்ட்ஸ்ட்", "ஃபொம் ஆர்ட்ஸ்ட்": மருத்துவரிடம் போகிறேன், மருத்துவரிடம் இருக்கிறேன், மருத்துவரிடமிருந்து வருகிறேன். "ட்ஸுர் ஆர்பைட்", "மிட் டேம் புஸ்", "நாஹ் டேர் ஆர்பைட்". அவுஸ், பை, மிட், நாஹ், ஸைட், ஃபொன், ட்ஸு ஆகிய ஏழும் எப்போதும் டாட்டிவ்தான், இரட்டை வேடம் இல்லை. நம் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி இந்த ஏழில் அடங்கிவிடும். முதலில் இவை, பிறகு அந்த ஒன்பது.

அடைமொழி விகுதியிலும் மலைக்க வேண்டாம். டாட்டிவில் முன்னால் டேம், டேர், ஐனெம், ஐனெர் என்று ஏதாவது வந்துவிட்டால் அடைமொழி "-என்" என்றே முடியும், பால் எதுவானாலும். பன்மையில் முன்னால் டீ வந்தாலும் அதே "-என்". இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் அட்டவணையில் பாதி கட்டம் காலி. மீதியை எழுத்துத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சொல்லின் பால் பற்றி முதல் பெஞ்ச் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. புதிய சொல் ஒவ்வொன்றையும் டேர், டீ, டாஸ் ஒட்டியே மனப்பாடம் செய்யுங்கள். பிறகு தனியாக ஒட்டுவது பெரும்பாடு. "-ஊங்", "-ஹைட்", "-கைட்", "-ஷாஃப்ட்" என்று முடிந்தால் டீ. "-ஷென்" என்று முடிந்தால் டாஸ். மருத்துவமனைப் படிவங்களில் "-ஊங்" சொற்கள்தான் கொட்டிக் கிடக்கும்.

புதுவயல் மெக்கானிக்

இலக்கணத்துக்கு நடுவில் மன்னிக்கவும். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அதற்கும் பி1 கேட்கிறார்கள். இணையவழி நேர்காணல் "ஹால்ப் ட்ரை" என்று போனில் சொன்னார்கள். மூன்றரையா?

முதல் பெஞ்ச்

இரண்டரை! மூன்றை நோக்கிப் பாதி வந்திருக்கிறது என்று கணக்கு. உடனே மின்னஞ்சல் அனுப்பி 14.30 தானே என்று எண்ணில் எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எண்களிலும் கவனம்: இருபத்து நான்கை அவர்கள் நான்கும்-இருபதும் என்று சொல்வார்கள். போன் எண்ணைச் சொல்லும்போது பலர் இரண்டிரண்டாகச் சொல்வார்கள், கை தானாக மாற்றி எழுதிவிடும். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

புதுவயல் மெக்கானிக்

நல்லவேளை கேட்டேன்.

பள்ளத்தூர் செவிலி

எல்லாருக்கும் நன்றி. ஆங்கிலம் வேண்டாம் என்று ஐயா சொன்னதால், நேற்று என்ன செய்தேன் என்பதைத் தமிழிலிருந்து நேராக எழுதிப் பார்த்தேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. திருத்துங்கள்.

"கெஸ்டர்ன் இஷ் ஹாபெ லாங்கெ கெஆர்பைடெட். டான் இஷ் ஹாபெ மிட் புஸ் நாஹ் ஹவுஸெ கெஃபாரன். வைல் இஷ் வார் ம்யூடெ, இஷ் ஹாபெ நிஷ்ட் கெகொஹ்ட். மைனெ முட்டர் ஹாட் இட்லி கெமாஹ்ட். டாஸ் ஹாட் மீர் ஸேர் கூட் கெஷ்மெக்ட்."

ரைன்கரை காரைக்குடி

கடைசி இரண்டு வாக்கியமும் சுத்தம். மீர் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள், அது தமிழ் கொடுத்த மீர்.

முதல் வாக்கியம்: "கெஸ்டர்ன் ஹாபெ இஷ் லாங்கெ கெஆர்பைடெட்." நேற்று என்று தொடங்கிவிட்டீர்கள், வினை இரண்டாமிடத்துக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: "டான் பின் இஷ் மிட் டேம் புஸ் நாஹ் ஹவுஸெ கெஃபாரன்." வண்டியில் போனது இடமாற்றம், ஆகவே ஹாபெ போய் பின் வரும். மிட் வந்தால் டேம்.

மூன்றாவது: "வைல் இஷ் ம்யூடெ வார், ஹாபெ இஷ் நிஷ்ட் கெகொஹ்ட்." ஐயா சொன்ன முதுகோடு முதுகு. வார், காற்புள்ளி, ஹாபெ.

எண்ணிப் பாருங்கள். விடுபட்ட ஒரு டேம் தவிர மற்ற எல்லாமே வினை. பதினாறு கட்டத்தை மனப்பாடம் செய்த நேரத்தில் இதைப் பேசிப் பழகியிருக்கலாம்.

முதல் பெஞ்ச்

அந்த ஒரு டேமையும் விட்டுவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்கிறேன்.

இன்னொரு சந்தேகம், ரைன்கரை அக்காவுக்கு. ஜெர்மன் காணொளிகளில் வைல் சொல்லிவிட்டு வினையை இரண்டாமிடத்திலேயே வைத்துப் பேசுகிறார்களே? என் காதில்தான் தவறா?

ரைன்கரை காரைக்குடி

காதில் தவறில்லை. பேச்சில் பலர் அப்படிச் சொல்கிறார்கள். வைல் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தி, பிறகு புது வாக்கியம்போலத் தொடங்குவார்கள். மழை காரணமாக என்பதற்கும் புத்தகத்தில் இருக்கும் கெனிடிவை (உடைமை வேற்றுமை) விட்டுவிட்டு "வேகன் டேம் ரேகன்" என்று டாட்டிவில் பேசுவது சகஜம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் பேசினால் பேச்சுவழக்கு என்பார்கள், நாம் பேசினால் பிழை என்று குறித்துவிடுவார்கள். இந்த ஓரவஞ்சனை எல்லா மொழியிலும் உண்டு.

கேட்டுப் பழக டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பின் தளத்தில் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளும் பி1 வரைக்கும் பாடங்களும் இலவசமாக இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் செவிலி

பேசும் தேர்வு பற்றியும் யாராவது சொல்லுங்கள். எனக்கு அதுதான் பெரிய பயம்.

முதல் பெஞ்ச்

சென்னை ரட்லண்ட் கேட்டில் மாக்ஸ் முல்லர் பவனில் (கோத்தே நிறுவனத்தின் சென்னை மையம்) எழுதினேன். முந்தைய நாளே பல்லவன் ரயிலில் ஏறிப் போய்விடுங்கள், காலையில் போய் இறங்கி நேராகத் தேர்வு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

பேசுதல் பெரும்பாலும் இருவராக, ஏறக்குறைய 15 நிமிடம். முதலில் இருவரும் சேர்ந்து ஏதாவது திட்டமிட வேண்டும்: விருந்து, பயணம், நோயுற்ற நண்பரைப் பார்க்கப் போவது என்று. அடுத்து ஒரு தலைப்பில் நீங்கள் பேச வேண்டும். கடைசியாக அடுத்தவர் பேசியதைப் பற்றிக் கருத்துச் சொல்லி ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான்கு பகுதியில் ஒன்றில் தவறினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதலாம், எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதில்லை.

அட்டவணைக்காரன் சொல்கிறேன், இந்தப் பகுதியில் அட்டவணை உதவாது. எதிரில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். "நாம் சனிக்கிழமை போகலாமே" என்றால், "சனிக்கிழமை எனக்கு வேலை, ஞாயிறு எப்படி?" என்று மறுக்கவும் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் யா, யா என்று தலையாட்டினால் புள்ளி கிடைக்காது.

தேவகோட்டை தமிழாசிரியர்

மறுப்பதற்கு "இஷ் வ்யுர்டெ லீபர்…" என்று தொடங்கினால் நயமாக இருக்கும். நான் … செய்வதையே விரும்புவேன் என்ற தொனி. இங்கேயும் "உ" மீது இரண்டு புள்ளி, வாய் குவிய வேண்டும். குவியாவிட்டால் "வுர்டெ" ஆகி, நம் வழிகாட்டித் தம்பியின் செயப்பாட்டுவினை இறந்தகாலத்துக்குப் போய்விடும். "டாஸ் ஹவுஸ் வுர்டெ கெபவுட்", வீடு கட்டப்பட்டது என்போமே, அந்த வுர்டெ.

கானாடுகாத்தான் வழிகாட்டி

அட, நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இப்படி ஒரு பெயரா!

பள்ளத்தூர்த் தங்கச்சி, வரும் ஞாயிறு காலை ஒரு கூட்டம் வருகிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வதும், வளவில் மோர் கொடுத்து உபசரிப்பதும் உங்கள் பொறுப்பு. எனக்கும் ஒரு வாய் ஓய்வு. முதல் பெஞ்ச் தம்பியும் வரலாம், அட்டவணையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.

பள்ளத்தூர் செவிலி

வருகிறேன் அண்ணே. ஞாயிறு எனக்குப் பிற்பகல் பணிதான். மோரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு "நேமன் ஸீ பிட்டெ" போதுமா, கடைசியில் ஏதாவது துண்டு வர வேண்டுமா?

ரைன்கரை காரைக்குடி

"நேமன் ஸீ பிட்டெ" என்பதே போதும். கடைசியில் "மிட்" போட்டால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்றாகிவிடும், டம்ளர் திரும்பி வராது. "மேஷ்டன் ஸீ எட்வாஸ் ட்ரிங்கன்?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். எதாவது குடிக்கிறீர்களா என்று கேட்பது அது. முதல் சொல்லிலும் இரண்டு புள்ளி உண்டு, வாயைக் குவியுங்கள்.